மன்றாட்டும் மறுமொழியும்

தஞ்சம் தேடிப் புலம்பெயர்ந்த எம்மவரின் வரவேற்பறைகளில் மாதாவின் படமோ, பிள்ளையாரின் படமோ இல்லாத அறையைக் காண்பது அரிது. சண்ட்ஹோல்ம் முகாமில் வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்தவர்களும், ஊரில் விட்டுவந்த பிள்ளையின் கடிதத்திற்காகத் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களும் ஏதோ ஒரு வகையில் மன்றாடியவர்களே. அவர்களிற் சிலருக்குக் கேட்டது கிடைத்தது. பலருக்கு வேறொன்று கிடைத்தது. இன்னும் சிலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. செபத்துக்கு இறைவன் பதில் தருகிறான் என்று கிறிஸ்தவம் கூறும்போது அது எதைக் கருதுகிறது என்ற வினா எமக்கு வெறும் மறையியல் வினா அன்று. அது வாழ்ந்து தீர்க்க வேண்டிய வினா. நாம் குடியேறிய இந்த நாட்டின் வரலாறும் எம்முடைய வரலாறும் இவ்வினாவில் எங்கெங்கே சந்திக்கின்றன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நாட்காட்டியிலிருந்து நீங்கிய ஒரு நாள்

டென்மார்க்கில் 'ஸ்டோர பேடெடே' எனப்படும் பெருஞ்செப நாள் 1686 ஆம் ஆண்டில் மன்னர் 5 ஆம் கிறிஸ்தியானின் ஆட்சியில் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடந்த நோன்பு நாட்களையும் மன்றாட்டு நாட்களையும் ஒன்றாகச் சேர்த்து, உயிர்த்த ஞாயிற்றின் பின் வரும் நான்காவது வெள்ளிக்கிழமையில் அமைத்தவர் சீலான்ட் ஆயர் ஹான்ஸ் பாகர். முதல் நாள் மாலையே ஆலய மணிகள் ஒலிக்கும். வாணிபம் நிற்கும். அன்று அடுமனைகளும் மூடப்பட்டதால், முந்திய நாளிற் சுடப்பட்ட கோதுமைப் பணிசை மக்கள் வாங்கி வைத்தனர். காலப்போக்கில் செபம் மங்கியது, பணிஸ் நிலைத்தது. முதல் நாள் மாலையில் அதனைச் சூடாக்கி வெண்ணெய் தடவி உண்பதே பலருக்கு அந்நாளின் பொருளாயிற்று.

2023 பெப்ரவரி 28 இல் டெனிஸ் பாராளுமன்றம் இவ்விடுமுறையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பாதுகாப்புச் செலவுக்கு வருவாய் தேட வேண்டும் என்பது அரசு கூறிய காரணம். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆயிரக்கணக்கானோர் பாராளுமன்றத்தின் முன் திரண்டனர், திருச்சபையினரும் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். 2023 மே 5 ஆம் திகதியே அது விடுமுறையாக அனுட்டிக்கப்பட்ட இறுதி நாள். 2024 முதல் அது மற்றைய வெள்ளிக்கிழமைகளைப் போன்ற வேலை நாளாயிற்று.

ஒரு நாடு முழுவதும் ஒரே நாளில் மண்டியிட வேண்டும் என்று மன்னர் கட்டளையிட்ட காலத்தில், செபம் என்பது நாட்டின் மீது வரக்கூடிய கொள்ளைநோயையும் போரையும் பஞ்சத்தையும் தடுக்கும் அரணாகக் கருதப்பட்டது. மக்கள் மனம் வருந்தினால் இறைவன் தண்டனையை விலக்குவான் என்பது அந்நம்பிக்கை. இதில் ஓர் ஒப்பந்தத்தின் சாயல் இருப்பதை நாம் மறுக்க இயலாது.

நேர்த்தியும் செபமும்

ஒப்பந்தம் எமக்கும் புதியதன்று. நேர்த்திக்கடன் என்பது சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பொதுவான சொத்து. பிள்ளை சுகமானால் காவடி எடுப்பேன் என்று சொன்னவரும், மகன் பத்திரமாகக் கடல் கடந்தால் மடுமாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன் என்று சொன்னவரும் ஒரே மொழியைத்தான் பேசினர். அந்த மொழியை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. அது இயலாமையின் மொழி. தன்னிடம் எதுவும் இல்லாதவன் எதையாவது கொடுக்க விரும்பும் மொழி. எனினும் விவிலியம் இதனை எச்சரிக்கையோடு நோக்குகிறது. போரில் வெற்றி தந்தால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொண்ட இப்தாவுக்கு முன்னால் வந்து நின்றது அவனது ஒரே மகள் என்று நீதித்தலைவர்கள் நூல் கூறுகின்றது. பேரம் பேசுபவன் தான் எதை விற்கிறான் என்பதை அறியான் என்பதே அக்கதையின் துயரம்.

பேரத்துக்கு மாறான ஒரு விளக்கம் தமிழுக்கு வந்த வழி டென்மார்க்கின் வழியே என்பது பலர் அறியாத செய்தி. டெனிஸ் மன்னர் 4 ஆம் பிரடெரிக் அனுப்பிய ஜேர்மன் இளைஞர் பார்த்தலோமேயு சீகன்பால்க், தம் தோழர் புளூட்சோவுடன் 1706 யூலை 9 இல் தரங்கம்பாடியில் இறங்கினார். மணலில் எழுத்தெழுதிய சிறுவர்களோடு அமர்ந்து தமிழ் கற்றார். அங்கிருந்த டெனிஸ் ஆளுநராலேயே சில மாதங்கள் சிறையிலும் வைக்கப்பட்டார். 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 36 வயதில், 1719 இல் மறைந்தார். அவர் தமிழாக்கிய நூல்களுள் மார்ட்டின் லூதரின் சிறிய வினாவிடை நூலும் ஒன்று.

கர்த்தர் கற்பித்த செபத்தின் ஒவ்வொரு வேண்டுதலையும் விளக்கும்போது லூதர் ஒரே போக்கில் வாதிடுகிறார். இறைவனின் ஆட்சி நாம் கேளாமலே வரும். அவரது சித்தம் நாம் கேளாமலே நடக்கும். அன்றாட உணவு தீயோருக்கும் கேளாமலே கிடைக்கிறது. அப்படியானால் எதற்காகக் கேட்பது? அது நம்மிடத்திலும் வர வேண்டும், நம்மிடத்திலும் நடக்க வேண்டும், வருவதை நன்றியோடு பெற நாம் அறிய வேண்டும் என்பதற்காக. இறைவனுக்குத் தெரியாத செய்தியை அறிவிப்பதன்று செபம். அவர் கொடுப்பதற்குக் கையை விரிப்பதே செபம். எதை வேண்ட வேண்டும் என்பதையும் இறைவனே அறிவான் என்ற கருத்தைத் திருவாசகத்தில் கண்டிருக்கும் சைவ வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

'ஆம்', 'இல்லை', 'பொறு'

போதகர்களும் குருவானவர்களும் பெரிதும் கையாளும் விளக்கம் ஒன்று உண்டு. இறைவன் எல்லாச் செபத்துக்கும் பதில் தருகிறார். அப்பதில் 'ஆம்' என்றோ, 'இல்லை' என்றோ, 'பொறு' என்றோ இருக்கும் என்பர். இதற்கு விவிலியச் சான்றுகளும் உள. அன்னாள் பிள்ளை கேட்டாள், சாமுவேல் பிறந்தான். பவுல் தம் உடலில் தைத்த முள்ளை அகற்றுமாறு மும்முறை வேண்டினார். முள் அகலவில்லை, அதைத் தாங்கும் அருள் போதும் என்ற விடையே வந்தது. ஆபிரகாம் ஈசாக்கைக் காணப் பல்லாண்டு காத்திருந்தார்.

இவ்விளக்கம் தவறானதன்று; ஆயினும் மெலிவானது. எது நடந்தாலும் மூன்றில் ஒன்றுள் அடங்கிவிடும் என்றால், அது பதிலுக்கும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. பிள்ளையை இழந்த தாயிடம், இறைவன் 'இல்லை' என்று சொல்லிவிட்டார் என்பது ஆறுதலாகாது. அது இறைவனைக் கதவை மூடும் ஓர் அலுவலகராக்கி விடுகின்றது. அகதி வாழ்வில் அத்தகைய கதவுகளை வேண்டியமட்டும் பார்த்தவர்கள் நாம்.

யூலன்ட் மேட்டில் ஒரு சிறுவன்

இந்த இடத்தில் டென்மார்க்கின் தலைசிறந்த சிந்தனையாளரான சோரன் கீர்க்ககோர் நமக்கு உதவக்கூடும். 1813 மே 5 இல் கோப்பன்கேகனிற் பிறந்து 1855 இல் மறைந்த அவர், இந்நகரின் நோரபுரோ பகுதியிலுள்ள அசிஸ்ரன்ஸ் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவரது சிந்தனையின் வேர் எம்மவர் பலர் வாழும் ஹேர்னிங் நகருக்கு மேற்கே, சேடிங் என்னும் சிற்றூரில் உள்ளது. அவருடைய தந்தை மிக்கேல் அங்கே ஆடு மேய்த்த ஏழைச் சிறுவன். குளிரும் பசியும் வாட்டிய ஒரு நாளில் அவன் மேடொன்றின் மீது ஏறி நின்று இறைவனைச் சபித்தான். அதன் பின் நடந்ததுதான் விந்தை. அவன் கோப்பன்கேகனுக்கு அழைக்கப்பட்டான், காலுறை, கம்பளி வாணிபத்தில் ஈடுபட்டான், பெருஞ் செல்வனானான்.

மன்றாடியவனுக்குச் செல்வம் வந்திருந்தால் அதனைப் பதில் என்றிருப்போம். சபித்தவனுக்கு வந்த செல்வத்தை என்னவென்பது? மிக்கேலுக்கு அது வாழ்நாள் முழுவதும் அச்சமாகவே இருந்தது. ஏழு பிள்ளைகளில் ஐவர் அவர் கண் முன்னே இறந்தபோது, இதுவே உண்மையான பதில் என்று அவர் நினைத்தார். 82 வயதிலும் அந்த மேட்டை அவரால் மறக்க முடியவில்லை என்று மகன் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். நிகழ்வுகளைக் கொண்டு இறைவனின் மனத்தை வாசிக்க முயல்வது மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இக்குடும்பமே சான்று.

மகன் வேறு வழியை நாடினார். 1844 இல் அவர் வெளியிட்ட நான்கு பேருரைகளில் இறுதியானது, சரியாகச் செபிப்பவன் செபத்திலே போராடி, இறைவன் வெல்வதனால் தானும் வெல்கிறான் என்பதைப் பற்றியது. செபிக்கத் தொடங்குபவன் தன் நிலையை இறைவனுக்கு விளக்க முனைகிறான். தனக்கு எது நல்லது என்பதை அவருக்குப் புரியவைத்துவிட்டால் காரியம் முடியும் என்று எண்ணுகிறான். போராட்டம் நீளும்போது அவனது விளக்கங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. விருப்பம் சிறுத்துப் போகின்றது. இறுதியில் அவன் வெறுமையாகி இறைவன் முன் நிற்கின்றான். இதைத் தோல்வி என்று உலகம் கூறும். கீர்க்ககோர் இதற்குக் கடலை உவமை காட்டுகிறார். அலையடித்துப் பொங்கும் கடலில் வானம் தெரிவதில்லை. அது ஆழ்ந்து அமைதியுறும்போதே வானத்தின் உருவம் அதனுள் இறங்குகிறது.

1847 இல் எழுதிய நூலில் அவர் இதனை இன்னும் சுருக்கிக் கூறினார்: செபம் மாற்றுவது இறைவனை அன்று, செபிப்பவனையே. 1849 இல், வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் பற்றிய உரைகளில், மேலும் ஒரு படி சென்றார். செபம் ஆழமாக ஆழமாகச் சொல்வதற்கு எதுவும் இல்லாமற் போகின்றது. பேசத் தொடங்கியவன் கேட்பவனாகிறான் என்றார். இவ்வழியில் நோக்கினால், பதில் தபாலில் வரும் பொருளன்று. கேட்டவன் ஆளே மாறிவிடுவதுதான் பதில்.

கிலலைய ஆலயத்தின் மேல்தளம்

இது உயர்ந்த சிந்தனை. ஆனால் இதனை எல்லாத் துயரின் முன்னும் கொண்டு செல்ல முடியுமா? டென்மார்க்கின் வரலாறே இதனைச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

1943 ஒக்ரோபர் தொடக்கத்தில், நாட்டைக் கைப்பற்றியிருந்த ஜேர்மனியர் இங்கிருந்த யூதர்களைப் பிடிக்கப் புறப்பட்டனர். ஒக்ரோபர் 3, ஞாயிறன்று கோப்பன்கேகன் ஆயர் பூக்ல்சாங்-தம்கோரின் சுற்றுமடல் நாடெங்கும் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. யூதரைத் துன்புறுத்துவது கிறிஸ்து போதித்த அயலார் அன்புக்கு முரணானது என்று அது வெளிப்படையாகக் கூறியது. மீனவரும் மருத்துவரும் ஆசிரியரும் குருமாரும் கைகோத்தனர். 7000 க்கும் அதிகமானோர் இரவோடிரவாகப் படகுகளில் சுவீடன் சேர்ந்தனர்.

அதே வாரத்தில், வட சீலான்டின் கரையோரக் கிராமமான கிலலையவில், படகுக்காகக் காத்திருந்த சுமார் 80 பேர் ஆலயத்தின் மேல்தளத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தனர். ஒக்ரோபர் 6 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டிக் கெஸ்ராப்போ அவ்வாலயத்தைச் சூழ்ந்தது. அங்கிருந்தோர் ஏறத்தாழ அனைவரும் பிடிபட்டனர்.

ஒரே கடற்கரை, ஒரே வாரம், ஒரே இறைவனை நோக்கி ஒரே நூலின் சொற்களால் எழுந்த மன்றாட்டு. படகேறியவரின் செபம் கேட்கப்பட்டது, மேல்தளத்தில் இருந்தவரின் செபம் மறுக்கப்பட்டது என்று சொல்லத் துணிபவர் யார்?

எமக்கு இந்த வினா ஏட்டில் படித்ததன்று. 1995 யூலை 9 ஆம் திகதி, வலிகாமத்தில் இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்தபோது, நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் சுற்றுப்புறத்திலும் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. வழிபாட்டுத் தலங்களில் ஒதுங்குமாறு சொல்லப்பட்டதால் அங்கே சென்றிருந்தவர்கள் அவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20 இல் மடுத் திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது எறிகணைகள் விழுந்து சுமார் 40 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களுட் பலர் அந்தக் கணத்தில் செபமாலை உருட்டிக்கொண்டு இருந்திருப்பர் என்று எண்ணுவதில் மிகையில்லை.

கீர்க்ககோரின் கடலுவமை இங்கே நமக்குப் போதவில்லை. தன் விருப்பத்தைத் துறந்து அமைதியுறுவது செபிப்பவனின் சொந்த வழியாக இருக்கலாம். அதைப் பிறர் துயரின் மீது மருந்தாகத் தடவ எவருக்கும் உரிமை இல்லை. விவிலியமும் அப்படிச் செய்வதில்லை. யோபுவின் துன்பத்துக்குக் காரணம் காட்டிய நண்பர்களையே இறைவன் கடிந்துகொள்கிறார். முறையிட்ட யோபுவை அன்று. திருப்பாடல்களுட் பெரும்பகுதி புலம்பல்களே. சிலுவையில் இயேசு எழுப்பிய கூக்குரலும் அத்தகைய ஒரு புலம்பற் பாடலின் முதற்சொற்களே. அதற்கு வானிலிருந்து மறுமொழி வந்ததாக நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை. இறைவனின் மகனுக்கே உடனடிப் பதில் கிட்டாத ஒரு மணிவேளையைத் தன் நடுவில் வைத்திருக்கும் மதம் இது. ஆகவே பதில் கிட்டாதவரை நம்பிக்கை குறைந்தவர் என்று குற்றஞ்சாட்டும் போதனை, அது எந்த மேடையிலிருந்து வந்தாலும், கிறிஸ்தவப் போதனை ஆகாது.

விதவையும் நீதிபதியும்

லூக்கா நற்செய்தியில் இயேசு கூறும் ஓர் உவமை உண்டு. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதியாத நீதிபதி ஒருவன். அவனிடம் நீதி கேட்டு ஓயாமல் வரும் விதவை ஒருத்தி. அவளது தொல்லை தாங்காமல் அவன் நீதி வழங்குகிறான். சோர்ந்து போகாமல் செபிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட கதை இது. இங்கே இறைவன் அந்த நீதிபதிக்கு ஒப்பிடப்படவில்லை. அவனுக்கு எதிராகவே நிறுத்தப்படுகிறார். கவனிக்க வேண்டியவள் அவ்விதவை. அவள் அமைதியுறவில்லை; தன் விருப்பத்தைத் துறக்கவில்லை. அவளது மன்றாட்டும் அவளது மனுவும் ஒன்றே.

டென்மார்க்கிற் குடியேறிய தமிழர் இக்கதையைச் சட்டப் புத்தகத்திலே வாழ்ந்தனர். 1983 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் அகதிகளுக்குக் குடும்ப இணைவு உரிமையை வழங்கியிருந்தது. எனினும் 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைக் கிடப்பிற் போடச் செய்தார். மனைவியும் பிள்ளைகளும் போர்ச் சூழலில் இருக்க, இங்கே கணவன்மார் கடிதங்களோடு அலைந்தனர். எத்தனை வீடுகளில் எத்தனை மெழுகுவர்த்திகள் எரிந்தன என்பதை எந்த ஆணைக்குழுவும் கணக்கெடுக்கவில்லை. விண்ணப்பங்களும் முறைப்பாடுகளும் கேள்விகளும் நிற்கவில்லை. ஒம்புட்ஸ்மன் விசாரித்தார். உயர்நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோன்ஸ்லெற் தலைமையிலான விசாரணையின் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கை 1993 சனவரியில் வெளிவந்தது. பிரதமர் பவுல் ஸ்லூட்டர் பதவி துறந்தார். 1995 யூன் 22 இல் அமைச்சர்களை விசாரிக்கும் அரச நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளியாகக் கண்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 1910 இன் பின் அந்நீதிமன்றம் கூடியது அதுவே முதல் தடவை.

இதனை இறைவனின் பதில் என்று பறைசாற்ற நாம் முற்படவில்லை. தீர்ப்பு வந்தபோது சிலருக்குக் காலம் கடந்திருந்தது. இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். செபித்தவர் எவரும் செபித்ததனால் விண்ணப்பம் எழுதுவதை நிறுத்தவில்லை. விண்ணப்பம் எழுதியதனால் செபிப்பதையும் நிறுத்தவில்லை. அந்த விதவையின் செபம் அத்தகையது.

இரண்டும் ஒரே தோட்டத்தில்

அப்படியானால் கீர்க்ககோர் காட்டும் அமைதியும் விதவையின் ஓயாமையும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? கெத்சமனித் தோட்டத்தில் இரண்டும் சந்திக்கின்றன. தன்னிடமிருந்து அந்தக் கிண்ணம் அகல வேண்டும் என்று இயேசு வெளிப்படையாகக் கேட்கிறார், ஒருமுறையன்று, மும்முறை. அதன் பின்னரே தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளிக்கிறார். கேளாமலே கையளிப்பது செபமன்று. அது விதிக்கு அடங்கிப் போவது. கையளியாமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் நிறைவான செபமன்று. அது மீண்டும் பேரம். யாபோக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபு ஆசியையும் பெற்றான், நொண்டிக்கொண்டும் சென்றான். செபத்தின் பதில் பெரும்பாலும் இவ்வாறே வருகிறது: ஆசியும் காயமும் ஒரே இரவில்.

1943 இன் நிகழ்வு இன்னொன்றையும் உணர்த்துகிறது. அன்று படகேறியவர்களுக்குப் பதில் ஒன்று வந்தது என்றால், அது மீனவனின் துடுப்பாகவும் ஆயரின் மடலாகவும் கதவைத் திறந்த இல்லத்தரசியாகவும் வந்தது. ஒருவனின் மன்றாட்டு இன்னொருவனின் வாசலில் வந்து தட்டுகிறது. இன்று இங்கே சொந்த வீட்டில், சொந்தக் கதவின் உட்புறத்தில் இருப்பவர்கள் நாம். முகாமில் இருக்கும் புதியவர், அவர் எந்நாட்டவராயினும், எம்மதத்தவராயினும், இரவில் மன்றாடிக்கொண்டு இருக்கக்கூடும். அவருக்கு வர வேண்டிய பதிலின் ஒரு பகுதி எமது கையில் இருக்கலாம்.

பெருஞ்செப நாள் நாட்காட்டியில் இருந்து நீங்கிவிட்டது. டெனிஸ் மக்கள் அந்த வியாழன் மாலையில் இன்றும் பணிஸ் வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு அயல்வீட்டவர் ஒருவர் உங்களுக்கு ஒரு சூடான பணிசைத் தந்தால் மறுக்காதீர்கள். பெற்றுக்கொண்டு, உள்ளே வரச் சொல்லி, ஒரு தேநீர் கொடுங்கள்.